பர்ன்அவுட்: வகுப்பு முடிந்தும் வேலை முடியாதபோது

இரவு ஒன்பது மணி. கடைசி வகுப்பின் மாணவர் கையசைத்துவிட்டு வெளியேறுகிறார். திரை கறுக்கிறது, அதில் உங்கள் முகமே தெரிகிறது. ஹெட்போனைக் கழற்றினால் காது இரண்டும் சுடுகின்றன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தால் போன் ஒளிர்கிறது. "சார், ஒரே ஒரு டவுட்." கூடவே நோட்டுப் பக்கத்தின் படம், பாதியில் கையின் நிழல் விழுந்திருக்கிறது.

சொந்தமாக ஆன்லைன் டியூஷன் எடுக்கும் யாருக்கும் இந்த இரவு புதிதில்லை. அந்த டவுட்டைத் தீர்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஐந்து நிமிட வேலை எப்படி ஓர் ஆசிரியரை மாதக்கணக்கில் அரித்துவிடுகிறது என்பது புரிந்தால்தான் பர்ன்அவுட் புரியும்.

இந்தச் சொல்லை இப்போது எல்லோரும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். "நேத்து ஆறு கிளாஸ், பர்ன்அவுட் ஆயிட்டேன்" என்கிறார் ஒருவர். "ஞாயிற்றுக்கிழமை நல்லா தூங்கு, சரியாயிடும்" என்கிறார் இன்னொருவர். டைம்டேபிளை வண்ண வண்ணமாகப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. நானும் போட்டேன். வண்ணம் நன்றாகத்தான் இருந்தது.

அசதி வேறு, பர்ன்அவுட் வேறு

ஆறு வகுப்பு எடுத்த நாளில் உடம்பு கெஞ்சுவது அசதி. தூங்கி எழுந்தால் போய்விடும். பர்ன்அவுட்டுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகும், லேப்டாப்பைத் திறக்கும்போதே நெஞ்சில் ஏதோ கனக்கிறது, அதுவும் வாரக்கணக்கில், என்றால் விஷயம் வேறு.

ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் வேலை செய்தவர்களைக் கவனித்து 1974ல் இதைப் பற்றி எழுதினார். அவர் கவனித்தவர்கள் வேலையை வெறுத்தவர்கள் அல்லர். விரும்பி வந்தவர்கள், மனசாரச் செய்தவர்கள். இதை நாம் மறந்துவிடுகிறோம். கடனே என்று பாடம் நடத்துகிறவரைவிட, மாணவர் புரிந்துகொள்ளும் வரை விடமாட்டேன் என்கிறவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

உலக சுகாதார நிறுவனம் தன் சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறது. அந்தப் பதிப்பு 2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வேலையில் நாள்பட்ட மன அழுத்தம் இருந்து, அது சரியாகக் கையாளப்படாமல் போனால் வரும் நிலைதான் பர்ன்அவுட் என்கிறது அது. இதை நோய் என்று சேர்க்கவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றே சேர்த்திருக்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் கசப்பும் விலகலும் வருவது, நம் வேலையில் பலனில்லை என்ற எண்ணம் வளர்வது.

முதலாவது எளிதில் தெரிந்துவிடும். மூன்றாவது "நான் சொல்லிக் கொடுத்து என்ன ஆகப்போகுது" என்று வரும். இரண்டாவதுதான் ஓசைப்படாமல் நுழைகிறது. நான் கணக்கு எடுக்கிறேன். பின்னங்களைக் கூட்டும்போது மேல் எண்களோடு கீழ் எண்களையும் கூட்டிவிடும் மாணவர்கள் எப்போதும் உண்டு. ஆரம்பத்தில் அந்தத் தப்பைப் பார்த்தால் எனக்கு உற்சாகம் பொங்கும். இவன் மனசில் பின்னம் என்பது என்னவாக இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பேன். பிறகு ஒரு கட்டத்தில், அதே தப்பு திரையில் வந்ததும் உள்ளுக்குள் ஒரு குரல், "இவனுக்கு வேற வேலையே இல்லையா?" பையனுக்கு வயது பத்து. அவன் செய்தது எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: அசதி தூங்கினால் போகும், பர்ன்அவுட் போகாது. அதற்கு மூன்று முகங்கள். களைப்பு அவற்றில் ஒன்று மட்டுமே.

இறைக்கிற வேகம், ஊறுகிற வேகம்

இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். உண்மைதான், இறைத்த பிறகு ஊற விட்டால். ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீரைக் காலையில் இறைக்கலாம், மறுபடி ஊறும். ஆனால் மோட்டாரை நிறுத்தாமலே வைத்திருந்தால்? நீர்மட்டம் தினமும் ஒரு சாண் இறங்கும். முதல் வாரம் யாருக்கும் தெரியாது, குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். ஒருநாள் மோட்டார் காற்றை இழுக்கும்.

உடம்பிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். கவனமாக வேலை செய்யும்போது உடம்பு முடுக்கிவிடப்படுகிறது. இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது, தோள் இறுகுகிறது, அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன. இதில் தப்பில்லை, இது இல்லாமல் பாடம் நடத்த முடியாது. வேலை முடிந்ததும் எல்லாம் பழைய மட்டத்துக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கத்தை மீள்தல் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக மீள்வதற்கு முன்பே அடுத்த சுமை வந்தால், ஏற்கெனவே கொஞ்சம் ஏறிய மட்டத்திலிருந்துதான் மறுபடி ஏற வேண்டும். இப்படித் தினமும் சேர்கிற சின்னக் கடன்தான் நாள்பட்ட அழுத்தம் ஆகிறது.

சரி, அப்படியானால் இரவு ஒன்பதுக்கு மேல் நான் சும்மாதானே இருக்கிறேன், ஏன் ஊறவில்லை? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். உடம்பு சோபாவில் இருந்தாலும், நாளைய வகுப்புக்கு எந்தக் கணக்கை எடுப்பது, அந்த அம்மாவுக்கு என்ன பதில் எழுதுவது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தால் மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கிறது. நினைப்பும் சுமைதான்.

சபின் சோனென்டாக் என்ற உளவியல் ஆய்வாளர் வேலைக்குப் பின் மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்பதை நெடுநாள் ஆராய்ந்தவர். அவரும் சார்லட் ஃப்ரிட்ஸும் 2007ல் மீள்வதற்கான நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள். வேலையை மனசிலிருந்தும் இறக்கிவைப்பது ஒன்று, இதை மனவிலகல் எனலாம். மற்றவை: உடம்பும் மனமும் தளர்வது, வேலைக்குச் சம்பந்தமில்லாத எதையாவது கற்றுத் தேர்வது, ஓய்வு நேரத்தில் என்ன செய்வது என்பதை நாமே முடிவு செய்வது. இந்தப் பட்டியலில் ஓய்வு என்றால் படுத்துக்கிடப்பது மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வாத்தியம் பழகுவது, நீச்சல் கற்பது எல்லாமே ஊற்றுக்கண்தான்.

அதனால் ஒரே அளவு வகுப்பு எடுக்கும் இரண்டு பேரில் ஒருவர் நன்றாகவும் ஒருவர் வற்றியும் இருப்பதில் ஆச்சரியமில்லை. எவ்வளவு இறைக்கிறோம் என்பது பாதிக் கணக்கு. மோட்டார் எப்போது நிற்கிறது என்பது மீதிப் பாதி.

ஒரு மணி நேர வகுப்பு எத்தனை நிமிடம்?

அறுபது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு வாரம் பேப்பரில் குறித்துப் பாருங்கள். வகுப்புக்கு முன் பாடம் எடுத்துவைக்க 15 நிமிடம். மாணவர் தாமதமாக வந்ததும் முடிவில் "இன்னும் ஒரு கணக்கு சார்" என்று இழுத்ததும் சேர்த்து 10. வீட்டுப்பாடம் திருத்தி அனுப்ப 15. நேரம் மாற்றுவது, கட்டணம் நினைவூட்டுவது, பெற்றோருக்கு ஒரு வரி எழுதுவது என்று 5. ஆக 105 நிமிடம்.

வாரத்துக்கு 20 வகுப்பு எடுக்கிறவர், "20 மணி நேரம்தானே, பாதி நாள் வேலை" என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அது 35 மணி நேரம். இன்னும் ஐந்து வகுப்பைச் சேர்த்தால் 25 மணி நேரம் ஆகாது, 43 மணி நேரமும் முக்கால் மணியும் ஆகும். கட்டணத்தையும் இதே கணக்கில் பாருங்கள். மணிக்கு இவ்வளவு என்று நீங்கள் நினைத்திருப்பதில் ஏழில் நான்கு பங்குதான் உண்மையில் கைக்கு வருகிறது. இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. யார்மேல் கோபப்படுவது? எனக்கு முதலாளி நான்தான்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். எத்தனை வகுப்பு தாங்கும் என்று முடிவு செய்யும்போது 60ஐ வைத்துப் பெருக்காமல் உங்களுடைய 105ஐ வைத்துப் பெருக்குங்கள், அவ்வளவுதான்.

நாளின் இரண்டு நுனிகள்

மாணவர்களுக்குப் பள்ளி முடிந்த பிறகுதான் நேரம் கிடைக்கும். அதனால் நம் வேலை மாலையில் குவிகிறது. வேறு நேர மண்டலத்தில் மாணவர் இருந்தால் விடியற்காலையிலும் ஒரு வகுப்பு முளைக்கும். நடுவில் பெரிய வெற்றிடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "பகல் பூரா வீட்லதானே இருக்கீங்க". ஆனால் அந்தப் பகலில்தான் திருத்தலும் தயாரிப்பும் செய்திகளும் கசிந்து உட்கார்ந்திருக்கின்றன. வேலை இல்லாத மாதிரியும் இருக்காது, இருக்கிற மாதிரியும் இருக்காது.

ஓர் அளவுகோல் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர விதி, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேரமாவது ஊழியருக்கு ஓய்வு வேண்டும் என்கிறது. அந்த விதி நமக்காக எழுதப்பட்டதில்லை, சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கானது. ஆனாலும் அளந்து பார்க்கலாமே. இரவு 10 மணிக்கு முடித்து அதிகாலை 5.30க்குத் தொடங்கினால் இடையில் ஏழரை மணி நேரம். அதற்குள் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், எழ வேண்டும். மனவிலகலுக்கு அதில் இடம் எங்கே? என் கருத்தில், ஒரு நுனியை விட்டுவிடுவதே நல்லது. காலை வகுப்போ இரவு வகுப்போ, ஏதாவது ஒன்று.

வகுப்புக்கு வகுப்பு ஒட்டிக்கொண்டு வருவது

ஐந்து மணிக்கு இயற்கணிதம், ஆறுக்கு மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு, ஏழுக்கு நுண்கணிதம். ஏழு மணி வகுப்பில் முதல் பத்து நிமிடம் எதையோ தேடிக்கொண்டே பேசுவது போல இருக்கும். காரணம் உண்டு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனம் முழுதாக நம்மோடு வருவதில்லை, கொஞ்சம் பழைய வேலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. இதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் விவரித்தார். தமிழில் கவன மிச்சம் எனலாம். முந்தைய வேலை அரைகுறையாக நின்றிருந்தால் மிச்சம் அதிகம். மாணவருக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியாமலே மணி ஆகிவிட்டதே என்று முடித்த வகுப்பு, அடுத்த வகுப்புக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதோடு வீடியோவின் தொல்லை வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021ல் வீடியோ அழைப்பு ஏன் இப்படிச் சோர்வடையச் செய்கிறது என்று நான்கு காரணங்கள் எழுதினார். முகங்கள் மிக அருகில் பெரிதாகத் தெரிந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது, நம் முகத்தை நாமே இடைவிடாமல் பார்ப்பது, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதிருப்பது, நேரில் தானாக விளங்கும் சைகைகளைத் திரையில் சிரமப்பட்டுக் காட்டவும் படிக்கவும் வேண்டியிருப்பது. முதல் இரண்டையும் இன்றைக்கே சரிசெய்யலாம். ஜூம் போன்ற செயலிகளில் நம் முகத்தை நமக்கு மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது. திரையைப் பெரிதாக்காமல் சிறிய சன்னலில் வைத்தால் எதிரே உள்ள முகமும் சற்றுத் தள்ளிப் போகும்.

இன்னொரு சுமையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இணைப்பு விட்டு விட்டு வந்தாலும், நமக்குத் தலைவலி என்றாலும், "சூப்பர், இன்னொரு தடவை டிரை பண்ணலாமா?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்க வேண்டும். வேலைக்காக நம் உணர்ச்சியை அடக்கியோ வரவழைத்தோ காட்டுவதற்குச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983ல் உணர்வு உழைப்பு என்று பேர் வைத்தார். இதுவும் உழைப்புதான். ஒரு நாளில் கடினமான மாணவர்கள் மூவரையும் அடுத்தடுத்து வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

சுருக்கிச் சொன்னால், தாவுவதால் வரும் கவன மிச்சம், திரையின் களைப்பு, முகத்தில் வைத்திருக்கும் சிரிப்பு, மூன்றுமே கடிகாரத்தில் பதிவாகாத இறைப்பு.

மோட்டாரை நிறுத்துவது எப்படி?

நான் செய்து பார்த்தவற்றில் நிலைத்தவை சில. முதலாவது, வகுப்பை 60லிருந்து 50 நிமிடமாக்கியது. பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். "கடைசி ஐந்து நிமிடத்தில் இன்று என்ன நடந்தது என்று மாணவரே சொல்ல, நான் எழுதி உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். குறிப்பு வகுப்புக்குள்ளேயே எழுதி முடிந்துவிடுகிறது. வகுப்பும் நட்டாற்றில் நிற்காமல் முடிகிறது, அதனால் கவன மிச்சமும் குறைவு. மிஞ்சும் பத்து நிமிடத்தில் எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும். அதில் போன் பார்த்தால் பத்து நிமிடமும் வேலைக்கே போய்விடும்.

இரண்டாவது, டவுட் நேரம். இந்தச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பினேன்: "சந்தேகங்களை எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள். தினமும் காலை 10 முதல் 10.30 வரை பார்த்துப் பதில் போடுவேன். தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் இரவு 8 மணி வரை பார்ப்பேன்." அனுப்பக்கூடாது என்று சொல்லவில்லை பாருங்கள். அனுப்புவது அவர்கள் நேரம், பார்ப்பது என் நேரம். பல நாள் காலையில் திறந்தால், இரவு வந்த டவுட்டுக்குக் கீழேயே "சார், வந்துடுச்சு, விடுங்க" என்றும் இருக்கும். இரவே பதில் சொல்லியிருந்தால் அந்த மாணவர் தானே போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

விதியைப் போடுவது சுலபம், முதல் இரண்டு வாரம் அதைக் காப்பதுதான் கஷ்டம். இரவு பதினொன்றுக்கு ஒரே ஒரு தடவை பதில் போட்டுவிட்டால், உங்கள் உண்மையான நேரம் பதினொன்று என்று எல்லோரும் தெரிந்துகொள்வார்கள். மாணவர்கள் விஷயத்தில் மட்டுமில்லை, நம் மனசும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது, கடையைச் சாத்துவது. அலுவலகம் போகிறவருக்கு வீடு திரும்பும் வழியே ஒரு கதவு. நமக்கு அந்த வழி இல்லை, பாடம் எடுத்த அறையிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறோம். அதனால் ஒரு கதவை நாமே செய்ய வேண்டும். நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு தாளில் மூன்று வரி எழுதுவேன், தாளை லேப்டாப்புக்குள் வைத்து மூடுவேன், ஹெட்போனை அலமாரியில் வைப்பேன். பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் எழுதி வைத்ததை மனசு திரும்பத் திரும்ப ஒப்பிக்க வேண்டியதில்லை.

கடைசி நேரத்தில் ரத்தாகும் வகுப்புக்கு என்ன விதி என்பதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இவ்வளவு மணி நேரத்துக்கு முன் சொன்னால் மாற்றித் தரலாம், இல்லையென்றால் எடுத்ததாகவே கணக்கு. ஒருமுறை தொடர்ந்து நாலு வாரம் ஒருவர் பத்து நிமிடத்துக்கு முன் ரத்து செய்தார், நாலு வகுப்பையும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈடுகட்டினேன். அதில் தப்பு என்னுடையதுதான், விதியே இல்லையே.

ஆசிரியர் அறை இல்லாத வாத்தியார்

பர்ன்அவுட் ஆய்வில் பெரிய பெயரான கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டருடன் சேர்ந்து, வேலையில் எங்கே உரசல் வருகிறது என்று ஆறு இடங்களைக் காட்டினார். வேலைப் பளு, நம் கையில் உள்ள அதிகாரம், கிடைக்கும் பலன், கூட இருப்பவர்கள், நியாயம், நாம் மதிப்பவை. பளுவை மட்டும்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். தனியாக வேலை செய்பவருக்கு "கூட இருப்பவர்கள்" என்ற இடம் காலி. பள்ளியில் ஒரு வகுப்பு சொதப்பினால் ஆசிரியர் அறையில் போய்ப் புலம்பலாம், பக்கத்து நாற்காலிக்காரர் "எனக்கும் அந்த கிளாஸ் அப்படித்தான்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் பாரம் பாதி குறையும். நமக்கு, சொதப்பிய வகுப்பு முழுக்க நம் குறையாகவே தோன்றும். பலனில்லை என்ற அந்த மூன்றாவது அடையாளம் வளர்வது இந்த மண்ணில்தான். இதே வேலை செய்யும் ஒன்றிரண்டு பேருடன் வாரத்துக்கு அரை மணி நேரம் பேசுவது எனக்கு எந்த ஆப்பையும்விட அதிகம் உதவியிருக்கிறது. வீடியோ வேண்டாம், நடந்துகொண்டே போனில் பேசலாம்.

ஏற்கெனவே வற்றிப்போயிருந்தால்

மேலே சொன்னவை மட்டம் இறங்காமல் காக்க. ஏற்கெனவே மோட்டார் காற்றிழுக்கிறது என்றால் முதல் வேலை இறைப்பைக் குறைப்பது. புது மாணவர்களை நிறுத்துங்கள். இருக்கும் வகுப்புகளில் எதைக் குறைப்பது என்று கேட்டால், அதிகக் கட்டணமா குறைவா என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த வகுப்பின் பெயரைக் காலண்டரில் பார்த்ததும் முகம் சுருங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதன் 105 நிமிடம் 150 ஆக இருக்கும். அந்த மாணவருக்கு இன்னொரு ஆசிரியரைக் காட்டி, மாதக் கடைசி வரை எடுத்துக்கொடுத்து, நல்லபடியாக விடைபெறலாம்.

தூக்கம் கெட்டு, பசி போய், பாடத்துக்கு வெளியேயும் எதிலும் பிடிப்பில்லை என்றால் அதைப் பர்ன்அவுட் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பர்ன்அவுட் என்ற சொல் வேலையைப் பற்றியது மட்டுமே. வாழ்க்கை முழுக்க இருட்டாகத் தெரிவது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், வேறு உடல் காரணமும் இருக்கலாம். மருத்துவரிடம் போவதுதான் சரி.

வகுப்பைக் குறைத்த பிறகு ஒரு ஆபத்து இருக்கிறது. காலண்டரில் காலிக் கட்டம் தெரிந்தால் கை தானாக எதையாவது போட்டு நிரப்பிவிடும், அல்லது யாராவது "புதன் ஆறு மணி ஃப்ரீயா சார்?" என்று கேட்க, வாய் ஆமாம் என்றுவிடும். அதனால் என் காலண்டரில் புதன்கிழமை ஆறு மணிக்கு ஒரு மாணவர் பெயர் போட்டு வைத்திருக்கிறேன். அப்படி ஒரு மாணவர் கிடையாது.